இத்தாலியன் மொழி கத்துக்கிட்டா நமக்கு என்ன பிரயோஜனம்?

நீங்க கேட்ட தினுசு அப்படியே எங்க சித்தப்பா கேட்ட மாதிரியே இருக்கு, அதான் ராத்திரி 11 மணிக்கு உக்காந்து டைப் பண்றேன். நீங்க அநேகமா காலேஜ் முடிச்சுட்டு ஃப்ரெஞ்சா ஜெர்மனா இத்தாலியனான்னு யோசிச்சிட்டு இருப்பீங்க. வேலைதான் குறின்னா ஜெர்மனுக்கே போங்க. முதல்லயே சொல்லிட்டேன், அப்புறம் கமெண்ட்ல வந்து ஊர ஏமாத்துறான்னு எழுதாதீங்க.

எனக்கு கொடைக்கானல் பக்கம் வில்பட்டி. ரெண்டு வருஷம் ஒரு சீஸ் பண்ற எடத்துல வேலை பாத்தேன். அங்க பண்ற சீஸோட பேர்ல பாதி இத்தாலியன், அர்த்தம் ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் ஃபோன்ல தேடினா ரிக்கோட்டான்னா 'மறுபடி காய்ச்சினது'ன்னு போட்டிருக்கு. நாங்க பண்றதும் அதான், சீஸ் எடுத்தது போக மிஞ்சுற தண்ணிய திரும்ப சூடு பண்ணி மேல திரளுறத அள்ளுவோம். அட, பேர்லயே செய்முறை இருக்கேன்னு ஆரம்பிச்சதுதான். சித்தப்பா உடனே, "இத்தாலிக்காரன் வந்து நம்ம பூண்டு உரிக்கப் போறானாடா?"ன்னார்.

நமக்கு அது அவ்ளோ கஷ்டம் இல்லங்க. பேசுறேன், பேசுற, பேசுறான் மாதிரியே பார்லோ, பார்லி, பார்லா, நான் நீ அவன்னு தனியா சொல்லவே வேணாம். நொன்னோன்னா தாத்தா, நோனோன்னா ஒன்பதாவது. இங்கிலீஷ்காரங்க இதுல தடுமாறுவாங்க, புளி வேற புள்ளி வேறன்னு வளந்த நமக்கு என்ன.

அந்தத் திமிர்ல எல்லாத்தையும் தமிழ் எழுத்துல நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணேன். அதுல விழுந்துச்சு பாருங்க அடி. அப்புறமா வீட்டு மாடில ஹோம்ஸ்டே போட்டோம், ஒரு ஆகஸ்ட்ல மழைல தொப்பலா நனைஞ்சு வயசான இத்தாலிக்கார ஜோடி வந்தாங்க. பெரியவர் "குவால்கோசா தா பேரே"ன்னார். பேரேன்னா பேரிக்காய்! நம்ம ஊர் சீசன் வேற! ஓடிப்போய் நாலு காய நறுக்கி உப்பு மிளகாத்தூள் தூவி கொண்டாந்து வச்சேன். ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சிய பாத்துக்கிட்டாங்க. அந்தம்மா மரியாதைக்கு ஒரு துண்டு வாயில போட்டு இரும, பெரியவர் கட்டைவிரல வாய்க்கு நேரா கவுத்துக் காட்டுறார். குடிக்க ஏதாச்சும் கேட்டிருக்கார் மனுஷன். நோட்ட புரட்டினா ஒரே பக்கத்துல 'பேரே - பேரிக்காய்', 'பேரே - குடிக்க'. நம்ம 'ப' p, b ரெண்டு சத்தத்துக்கும் ஒண்ணுதான, நான் எங்க போறது. அந்தம்மா கண்ணுல தண்ணி வர சிரிச்சுட்டு, என் பேனாவ வாங்கி ஒண்ணு பக்கத்துல டம்ளரும் இன்னொண்ணு பக்கத்துல காயும் வரைஞ்சு குடுத்தாங்க.

நாலு நாள் இருந்தாங்க. பெரியவர் என்னை நீன்னே கூப்பிடுன்னார், எங்க தாத்தா வயசு, எனக்கு வாய் வரல. அவங்க 'நீங்க'க்கு சொல்ற லேய்ங்கறதுக்கு இன்னொரு அர்த்தம் 'அவள்'. அது பரவால்லன்னு கடைசி வரைக்கும் அதையே சொன்னேன்.

பெரியவர் எங்கப்பா வெளைவிச்ச பூண்ட மோந்து பாத்துட்டு, எங்க ஊர்ல பார்மிஜானோ ரெஜ்ஜானோன்னு சீஸுக்கு கண்டவனும் பேர் போட முடியாதுன்னார். நமக்கும் 2019லயே கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு வந்தாச்சு. ஆனா எங்கெங்கயோ வெளஞ்ச பூண்டு வந்து 'மலைப்பூண்டு'ன்னு கடைல தொங்குது, எங்கப்பா மூட்டையோட நின்னா வெலைய அடிச்சுக் கேக்குறாங்க. இத கேக்க ஆளு இல்ல, நான் எந்த மொழி படிச்சா மட்டும் ஆயிரம் கேள்வி.

1680ல இத்தாலில பொறந்த வீரமாமுனிவர் இங்க வந்து தமிழ் படிச்சு, 1732ல சதுரகராதி போட்டார். நாம போடுற ரெட்டைக்கொம்பே அவர் கொண்டாந்ததுன்னுதான் சொல்லுவாங்க. அவர்கிட்டயும் அவங்க சித்தப்பா பிரயோஜனம் கேட்டிருப்பார் போல.

ஆரம்பிக்கறதா இருந்தா தமிழ்ல எழுதி வச்சு படிக்காதீங்க. அவங்க எழுத்தே மொத்தம் 21தான்.