மயோர்காவின் மணல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் மயோர்கா தீவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு போய்வந்தோம். மலைப்பாதை அருமை. ஆனால் தெற்கே எஸ் திரெங்க் கடற்கரையில் முழங்கால் உயரத்துக்குப் பழுப்பு நிறப் பாசி குவிந்து கிடந்தது, நாற்றம் வேறு. சுற்றுலாவில் இவ்வளவு சம்பாதிக்கிற தீவு, கரையைச் சுத்தம் செய்யக்கூடாதா? இன்னொன்று, ஓடுகிற ஆறு ஒன்றைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. அப்புறம் இத்தனை மணல் எங்கிருந்து வந்தது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மணலில் இருந்தே தொடங்குகிறேன், பாசிக்கான பதிலும் அதிலேயே வந்துவிடும்.

மயோர்காவில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை என்பதால் மழைநீர் இடுக்குகளில் இறங்கிவிடும், பெருமழைக்குப் பின் ஓடும் காட்டாறுகள்தான் உண்டு. வடமேற்கே திராமுந்தானா மலையிலிருந்து இறங்கும் தோரென்ட் தெ பரெய்ஸ் அப்படி ஒன்று. சா கலோப்ரா பக்கம் அது கடலைத் தொடும் இடத்தில், செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே துளியூண்டு கரை, அதுவும் மணல் இல்லை, கூழாங்கல். கிழக்கே கடல் விரல் நீட்டியதுபோல நுழைந்திருக்கும் சிறு குடாக்களும் (அங்கே ‘காலா’ என்பார்கள்) காட்டாறுகள் அறுத்த பள்ளத்தாக்குகளே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியதும் அவற்றின் வாய்ப்பகுதி மூழ்கிவிட்டது.

சரி, எஸ் திரெங்கின் வெள்ளை மணல்? அதில் பெரும்பங்கு சிப்பிகளும் நுண்ணிய கடலுயிர்களும் விட்டுப்போன ஓடுகளின் தூள். அவற்றில் ஏராளமானவை வாழ்வது நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிய அந்தப் பொசிடோனியாவில்தான். அது பாசி இல்லை. வேர், பூ, காய் எல்லாம் உள்ள கடற்புல், மத்தியதரைக் கடலில் மட்டும் வளரும் இனம், தெளிந்த நீரில் 40 மீட்டர் ஆழம் வரை போகும். இலையுதிர்காலத்தில் பழைய இலைகள் உதிர, புயல் அவற்றைக் கரையில் ஒதுக்கும். நீங்கள் போனது சரியாக அந்த நேரம். அந்தக் குவியல் குளிர்கால அலைகளின் அடியை வாங்கிக்கொள்வதால்தான் பின்னாலிருக்கும் மணல் தப்பிக்கிறது. எந்திரம் விட்டு வாரினால் இலையோடு மணலும் சேர்ந்து போகும்.

ஆனாலும் சீசனில் பல கரைகளில் வாரத்தான் செய்கிறார்கள். குடையும் சாய்வு நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர்களின் அவசரம் புரிகிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தங்கள் பிழைப்புக்கான மணலையே அல்லவா லாரியில் ஏற்றுகிறார்கள். 2018-இல் மயோர்காவை உள்ளடக்கிய பாலியாரிக் தீவுகளின் அரசு இந்தப் புல்வெளிகள் மேல் படகுகள் நங்கூரம் போடத் தடை விதித்தது உருப்படியான வேலை. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே படரும் செடி அது, ஒரு நங்கூரம் இழுத்துக் கிழித்ததை அது ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நாற்றத்தை நானும் மறுக்கவில்லை, ஈர இலை வெயிலில் கிடந்தால் நாறத்தான் செய்யும். பிள்ளைகளுக்கு அது ஒத்துவராது என்றால் அடுத்த முறை ஜூனில் போங்கள், நீச்சல் கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள், காலா மொந்த்ராகோவில் இறங்கிப் பாருங்கள்.