மீன்கொத்தியும் ஒன்றரை லட்ச ரூபாயும்

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வசிக்கிறேன். ஏபிஎஸ்-சி எனும் சிறிய சென்சார் உள்ள கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். ஞாயிறு விடியற்காலையில் ஹெப்பால் ஏரிக்குப் போய் மீன்கொத்தியை எடுத்தால், படம் முழுக்க மணல் தூவியது போல் புள்ளிகள். கேமரா தானாக வைக்கும் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் எண்) 6400-க்குப் போய்விடுகிறது. நண்பர் சொன்னாரே என்று 400-ல் நிறுத்தி வைத்தேன். படம் இருட்டாக வந்தது. கணினியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளி இன்னும் மோசம். "ஃபுல் ஃபிரேமுக்கு மாறுங்க சார், பிரச்சினையே இருக்காது" என்று கடைக்காரர் ஒன்றரை லட்சத்துக்குப் பெரிய சென்சார் உள்ள ஒரு கேமரா பாடி (லென்ஸ் இல்லாமல்) காட்டுகிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, உங்கள் லென்ஸுக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

சென்சாருக்கு வந்து சேரும் வெளிச்சம் குறைந்தால் புள்ளி விழும். ஐஎஸ்ஓ, வந்ததைப் பெருக்கிக் காட்டுகிறது. கூடுதலாக ஒரு துளி வெளிச்சத்தைக் கொண்டுவராது. 6400-லிருந்து 400-க்கு இறங்கியபோது பெருக்கலை 16-ல் ஒரு பங்காக்கினீர்கள். பிறகு அதே பெருக்கலைக் கணினியில் செய்தீர்கள், அதுவும் கேமரா சுருக்கிச் சேமித்த ஜேபெக் கோப்பில் என்றால் கேட்கவே வேண்டாம். இருட்டாக எடுத்துத் தூக்குவதைவிட 6400-லேயே சரியான வெளிச்சத்தில் எடுப்பது மேல். வெண்மார்பு மீன்கொத்தியின் சாக்லேட் நிறத் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் முதலில் தெரியும்.

இனி ஃபுல் ஃபிரேம். அதே 300 மி.மீ. லென்ஸை அதில் மாட்டினால், சென்சாரில் விழும் பறவையின் உருவம் ஒரு இம்மிகூட வளராது. சுற்றிலும் தண்ணீரும் கோரைப்புல்லும் கூடுதலாக வரும். அதை வெட்டிவிட்டுப் பறவையைப் பெரிதாக்கினால், ஏறக்குறைய பழைய படத்துக்கே வந்து நிற்பீர்கள், ஒன்றரை லட்சம் செலவழித்த பிறகு.

பறவையிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்பதைத் தீர்மானிப்பது தூரமும் லென்ஸின் வாயும். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. அதற்குக் காசு கிடையாது, கரையோரம் அசையாமல் உட்காரும் பொறுமை இருந்தால் போதும். லென்ஸ் கணக்கைப் பாருங்கள், மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் வாயின் அகலம் வரும்: 300 மி.மீ., எஃப் 5.6 என்றால் திறப்பு சுமார் 54 மி.மீ. 600 மி.மீ., எஃப் 6.3 என்றால் 95 மி.மீ. எஃப் எண் கூடியிருந்தாலும், அதே தூரத்தில் அதே பறவையிலிருந்து மூன்று மடங்குக்கும் மேல் வெளிச்சம் வாங்கும். ஆகவே செலவு செய்தே தீர வேண்டும் என்றால் 150-600 வகை லென்ஸுக்குச் செய்யுங்கள். சுமார் இரண்டு கிலோ எடை. பெங்களூரில் லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு வார இறுதிக்கு எடுத்து, தோள் தாங்குமா என்று பார்த்துவிட்டு வாங்கலாம்.

அதற்கும் முன்னால் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். கிளையில் உட்கார்ந்திருக்கும் மீன்கொத்திக்கு 1/2000 நொடி வைத்திருந்தால் அது வீண். 1/500 போதும், அந்த ஒரு மாற்றத்திலேயே 6400, 1600-ஆக இறங்கிவிடும். பறக்கும்போது 1/2000 வேண்டும்தான், அப்போது ஐஎஸ்ஓ ஏறட்டும், விட்டுவிடுங்கள். புள்ளியைப் பிறகு குறைக்கலாம், கலங்கிய இறகை ஒன்றும் செய்ய முடியாது. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்தால், டார்க்டேபிள் எனும் இலவச மென்பொருளே நன்றாகச் சுத்தம் செய்யும்.

கேள்வி: பழைய 150-600 லென்ஸ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பில் இல்லை என்கிறார்கள். துணியலாமா?

பதில்: பில் இல்லாவிட்டால் வாரண்டியை மறந்துவிடுங்கள், திருட்டுப் பொருளா என்பதும் தெரியாது. நான் வாங்க மாட்டேன். பில் உள்ள வேறொன்று கிடைத்தால், செல்போன் டார்ச்சைப் பின்பக்கமாக அடித்து முன்பக்கம் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை. வந்த வழியே திரும்பிவிடுங்கள்.