கால்ட்ராப்பும் நெருஞ்சியும்

அன்புள்ள ஐயா,

பழங்காலப் போர்முறை பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். அதில் 'கால்ட்ராப்' என்று வருகிறது. அகராதியில் இரும்பு முள், ஒரு செடி, தண்ணீரில் விளையும் காய் என்று மூன்று பொருள் இருக்கிறது. எது மூலம்? 'நெருஞ்சி' என்று எழுதிவிடலாமா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக எழுதலாம். 'இரும்பு நெருஞ்சி' என்றால் செடியோடு குழம்பாது.

மூலம் செடிதான். லத்தீனில் 'கால்க்ஸ்' என்றால் குதிகால். பொறி, கண்ணி என்று பொருள்படும் ஜெர்மானியச் சொல் அதனோடு சேர்ந்து, காலைப் பிடிக்கும் பொறி என்றானது. பழைய ஆங்கிலத்தில் இது முட்செடிகளின் பெயர். ஆயுதப் பொருள் பிறகு ஏறியது. கிரேக்கத்தில் 'ட்ரிபோலோஸ்', அதாவது மும்முனை, செடிக்கும் ஆயுதத்துக்கும் பொதுப்பெயர். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் நம் நெருஞ்சிக்கு 'டிரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்' என்று பெயர் வைத்தது அதிலிருந்துதான்.

எதிரியின் காலிலும் குதிரைக் குளம்பிலும் தைக்கத் தரையில் இறைக்கும் அந்த ஆயுதத்துக்கு முனை நான்கு. எப்படி வீசினாலும் மூன்று தரையில் ஊன்றிக்கொள்ள, நான்காவது நிமிர்ந்து நிற்கும் என்று ரோமானியரான வெகேஷியஸ் எழுதியிருக்கிறார். முனைகளுக்கிடையே கோணம் சுமார் 109.5 பாகை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க உளவுத்துறை, வண்டி டயர்களைப் பஞ்சராக்க, முனைகளைக் குழாயாகச் செய்தது. கெட்டி முள் தைத்தால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும், காற்று மெதுவாகத்தான் போகும். குழாய் என்றால் அதன் வழியாகவே இறங்கிவிடும்.

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஒரு நெருஞ்சிக் காயை எடுத்துப் பாருங்கள். முற்றினால் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொன்றிலும் நீண்ட முள் இரண்டு, குட்டை முள் இரண்டு. எப்படிக் கிடந்தாலும் ஒன்று மேலே பார்க்கும். கருவேலுக்கு முள் கிளையில், இதற்குக் காயில். மஞ்சள் பூதான் முள்ளாகிறது. அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் 'கட்கின் புதுமலர் முட்பயந் தாஅங்கு' (கண்ணுக்கினிய புதுப்பூ முள்ளைத் தந்தாற்போல) என்றது எவ்வளவு துல்லியம்!

அதனால் பூ வைக்கும் முன்னே ஆணிவேரோடு பிடுங்கிவிட வேண்டும். காய்த்தபின் கொத்தினால் துண்டுகள் சிதறும். எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைப்பதில்லை, வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் டயரின் உள்பக்கம் துணியால் தடவிப் பார்க்க வேண்டும். முள்ளின் நுனி ரப்பருக்குள் ஒடிந்து நின்றால் ஒட்டிய ட்யூப் மறுபடி ஓட்டையாகும்.

அகராதியின் மூன்றாவது பொருள் வடநாட்டில் விரதத்துக்கு மாவரைக்கும் சிங்காரா. கொம்புள்ள காய் என்பதால் ஒட்டிய பெயர். அதை நெருஞ்சி என்று எழுதாதீர்கள்.

மருந்துக் குறிப்பு எதையாவது பெயர்க்க நேர்ந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் 'நெருஞ்சில்' என்றால் சிறுநெருஞ்சிலா பெருநெருஞ்சிலா என்று கேட்பார்கள். பெருநெருஞ்சில் என்பது யானை நெருஞ்சி. அது வேறு குடும்பம். அதன் பச்சைத் தழையைத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் எண்ணெய் மாதிரி வழவழத்துப்போகும். சிறுநெருஞ்சிலில் அப்படி ஆகாது.