கனமான கூலர் போட்டா மதர்போர்டு வளைஞ்சுருமா?

கேள்வி: சார், புது பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். பிராசஸர் சூட்டை இறக்க ஏர் கூலர்தான் போடணும்னு முடிவு பண்ணி ஒரு இரட்டை டவர் கூலரை பாத்து வெச்சிருக்கேன், ஆனா ஃபேனோட சேத்து 1.3 கிலோ வருது. போர்டு பாத்தா தகடு மாதிரி மெல்லிசா இருக்கு. கேஸுக்குள்ள செங்குத்தா நிக்கிற போர்டுல இவ்ளோ வெயிட்டை வருஷக்கணக்கா தொங்க விட்டா வளையாதா? ஒரே வருஷத்துல போர்டு காலின்னு ஃப்ரெண்டு வேற பயமுறுத்துறான்.

பதில்: வளையும்ங்கிறது ஒரேடியா கட்டுக்கதை இல்ல, ஆனா உங்க ஃப்ரெண்டு பழிய தப்பான ஆள் மேல போடுறாரு. சும்மா தொங்கிட்டு இருக்கிற வெயிட்டால போர்டு போறது ரொம்ப அபூர்வம். ஸ்க்ரூவ முறுக்குற கையும் பிசிய ஏத்திட்டுப் போற வண்டியும்தான் பெரும்பாலும் வேலைய காட்டும்.

கொஞ்சம் கணக்கு போட்டுப் பாப்போம். கூலர் 1.3 கிலோ, அதோட கனம் போர்டுல இருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி நிக்குதுன்னு வெச்சுக்குங்க. இன்டெலோட எல்ஜிஏ 1151 மாதிரி சாக்கெட்டுல, அதாவது போர்டுல பிராசஸர் உக்கார்ற இடத்துல, கூலர் ஸ்க்ரூ போற மேல் ஓட்டைக்கும் கீழ் ஓட்டைக்கும் நடுவுல 7.5 சென்டிமீட்டர். அப்போ கூலர் முன்னாடி சாயப் பாக்கும்போது மேல இருக்கிற ரெண்டு ஸ்க்ரூவும் சேந்து தாங்க வேண்டியது கிட்டத்தட்ட 1.4 கிலோ, ஆளுக்கு 700 கிராம், அவ்ளோதான். இப்போ இன்னொரு பக்கம் பாருங்க, அதே சாக்கெட்டுல கூலர் பிராசஸர் மேல 222 நியூட்டன் வரைக்கும், அதாவது 22 கிலோவுக்கு மேல, நிரந்தரமா அழுத்தலாம்னு இன்டெலே அனுமதிச்சிருக்கு. உங்க கூலர் அதுல பாதிதான் அழுத்துதுன்னு வெச்சாலும் 11 கிலோ. இப்படி ஏற்கெனவே இறுக்கிப் பிடிச்ச இடத்துல இந்த 1.4 கிலோ பெருசா என்ன பண்ணிரும்? அதுவும் போக நல்ல கூலர்னா போர்டுக்குப் பின்னாடி பேக்பிளேட்னு ஒரு கெட்டியான தகடு வரும், ஸ்க்ரூ அதுலதான் ஏறும், போர்டு நடுவுல சாண்ட்விச் மாதிரி மாட்டிக்கிட்டு பத்திரமா இருக்கும். போர்டும் நீங்க நினைக்கிற மாதிரி தகடு இல்ல, கண்ணாடி இழையும் ரெசினும் செம்பும் அடுக்கடுக்கா வெச்சு அழுத்தினது, சாதாரணமா 1.6 மில்லிமீட்டர் தடிப்பு. நாக்டுவா கம்பெனியோட என்எச்-டி15 கூலர் கூட ரெண்டு ஃபேனோட 1.3 கிலோ சொச்சம்தான், அத வருஷக்கணக்கா தொங்க விட்டு ஓட்டுறவங்க எக்கச்சக்கம்.

அப்போ பயம் எங்கிருந்து வந்துச்சுன்னா, எல்ஜிஏ 775ங்கிற பழைய சாக்கெட் காலத்துல இன்டெல் ஹீட்சிங்க்குக்கு (கூலர்ல சூட்டை வாங்கிக்கிற உலோக பாகம்) 450 கிராம்னு ஒரு வரம்பு சொல்லியிருந்துச்சு. அத இப்பவும் சிலர் வேதவாக்கா எடுத்துக்கிறாங்க. அது அதிர்ச்சியையும் குலுங்கலையும் மனசுல வெச்சுப் போட்ட வரம்பு, மேசை மேல அசையாம இருக்கிற பிசிக்கு அத அப்படியே பொருத்தினா எப்படி? வண்டி ஒரு பள்ளத்துல இறங்கி புவியீர்ப்பு மாதிரி 10 மடங்கு அதிர்ச்சி வந்துச்சுன்னா உங்க 1.3 கிலோ கூலர் அந்த நொடிக்கு 13 கிலோவா இழுக்கும், அங்கதான் சாக்கெட் ஓரம் விரிசல் விடுறது, சால்டர் விட்டுப் போறது எல்லாம். 2015 கடைசியில இன்டெலோட ஸ்கைலேக் பிராசஸர்ல நடந்ததும் இதே கதைதான். அதோட அடிப்பலகை முந்தின தலைமுறைய விட மெல்லிசு, சில கூலர் போட்டவங்களுக்கு பிராசஸரே வளைஞ்சு, அதைத் தொடுற சாக்கெட்டோட குட்டிக் கம்பிகளும் (பின்) கெட்டுப்போச்சு. கூலர் பண்ற சைத் கம்பெனி அழுத்தத்தை குறைக்கிற மாதிரி வேற ஸ்க்ரூ செட்டை இலவசமா கொடுத்துச்சு, பிசிய இடம் மாத்தும்போது கூலரை கழட்டிடுங்கன்னும் சொல்லிச்சு. ஸோ வீடு மாறுறீங்க, கூரியர்ல அனுப்புறீங்கன்னா சோம்பேறித்தனம் பாக்காம கழட்டிருங்க. முடியலன்னா போர்டு கிடைமட்டமா இருக்கிற மாதிரி கேஸை படுக்க வெச்சு கொண்டு போங்க, ஓரளவு தப்பிக்கலாம்.

அடுத்தது முறுக்குறது. இதுல நானே சூடு பட்டவன். ஒரு மெஷின்ல நாலு ரேம் போட்டா ரெண்டுதான் காட்டுது, ரேமை மாத்தி மாத்திப் போட்டு ஒரு ராத்திரி முழுக்க வீணாப் போச்சு, விடியக்காலையில சந்தேகப்பட்டு கூலர்ல ஒரு பக்கத்து ஸ்க்ரூவ அரைச் சுத்து லூஸ் பண்ணினேன், நாலும் வந்துருச்சு. ரேமோட பேசுற மெமரி கன்ட்ரோலர் இப்பல்லாம் பிராசஸருக்குள்ளயே இருக்கு, அழுத்தம் ஒரு பக்கமா சாஞ்சா அந்தப் பக்கத்து பின் சரியா தொடாது, ரேமுக்குப் போற ஒரு பாதையே (சேனல்) காணாமப் போயிரும். அதனால ஒரு ஸ்க்ரூவ முழுசா ஏத்திட்டு அடுத்ததுக்குப் போகாதீங்க, குறுக்கும் மறுக்குமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தானா நின்னதும் விட்டுருங்க. பலம் காட்டுற இடம் இது இல்ல.

கேள்வி: என்னோடது பழைய இன்டெல் போர்டு, பிராசஸர் கூடவே வந்த சின்ன கூலர்தான், நாலு பிளாஸ்டிக் புஷ் பின். ஆனாலும் போர்டு நடுவுல லேசா வில்லு மாதிரி தெரியுது. மாத்தணுமா?

பதில்: வேண்டாம். அந்த புஷ் பின்னுக்கு பின்னாடி பேக்பிளேட் கிடையாது, போர்டையே பிடிச்சு இழுத்துத்தான் அழுத்தம் கொடுக்கும், அதனால லேசான வளைவு சகஜம். ஆனா கேஸ்ல போர்டைத் தாங்குற குட்டித் தூண் (ஸ்டாண்டாஃப்) எல்லாம் அதோட இடத்துல இருக்கான்னு ஒரு தடவை பாருங்க, ஒண்ணு குறைஞ்சாலும் போர்டு அந்த மூலையில உள்வாங்கும், நிறைய பேர் அத கூலர் மேல பழி போட்டுட்டு இருப்பாங்க.

கேள்வி: லிக்விட் கூலர் போட்டா இந்தக் கவலையே கிடையாதுல்ல?

பதில்: சூட்டை வெளிய விடுற ரேடியேட்டரோட வெயிட் கேஸ் மேல போயிரும், போர்டுல பிராசஸர் மேல உக்கார்ற பம்ப் பிளாக் மட்டும்தான், வண்டியில போறதுக்கு நல்லது. ஆனா ஸ்க்ரூவ முறுக்குறது அதே கைதான். இன்டெலோட எல்ஜிஏ 1700 சாக்கெட்டுல வர்ற வளைவு இருக்கே, அது சாக்கெட்டோட சொந்த கிளாம்ப் நடுவுல அழுத்துறதால பிராசஸரே லேசா குழியிறது, நீங்க எந்த கூலர் போட்டாலும் வரும். அந்த கிளாம்புக்குப் பதிலா மாட்டுறதுக்கு கான்டாக்ட் ஃபிரேம்னு ஒண்ணு விக்கிறாங்க, டெம்பரேச்சர் தொந்தரவு பண்ணினா மட்டும் வாங்குங்க.