காபிக்கடையும் கைப்பேசிப் பணமும்: வாசகர் கேள்வி பதில்

சிறு உணவகங்களின் வரவு செலவுக் கணக்கைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் காபிக்கடை நடத்துபவர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் கியூஆர் அட்டையைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதியை முழுவதும் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கோயில் தெருவில் இருபது ஆண்டுகளாக டிகிரி காபிக்கடை நடத்துகிறேன். ஒரு டம்ளர் 20 ரூபாய். கர்நாடகத்தில் யுபிஐ வரவைப் பார்த்துச் சிறு கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பினார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. பக்கத்துக் கடைக்காரர் கியூஆர் அட்டையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார். நானும் கழற்றிவிடலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: கழற்ற வேண்டாம் ஐயா. கர்நாடகத்தில் நடந்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2025 ஜூலையில் அந்த மாநில வணிகவரித் துறை, யுபிஐ சேவை நிறுவனங்களிடமிருந்து பெற்ற விவரங்களை வைத்துக்கொண்டு, ஆண்டு விற்பனை வரம்பைத் தாண்டியும் ஜிஎஸ்டி பதிவு செய்யாத கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரி, டீக்கடை நடத்துபவர்களோடு, வரியே இல்லாத பாலும் காய்கறியும் விற்பவர்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. பெங்களூருவில் பல கடைகளில் யுபிஐ கிடையாது, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, பழைய பாக்கியை வசூலிக்கப் போவதில்லை என்றும், வரம்பைத் தாண்டியவர்கள் இனிமேல் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும் முதலமைச்சர் சித்தராமையா அறிவித்தார்.

உங்கள் விற்பனை வரம்புக்குள் இருந்தால் பணம் முழுவதும் யுபிஐயில் வந்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வரம்பைத் தாண்டியிருந்தால் முழுவதும் நாணயமாக வந்தாலும் தேவை. பொருள் மட்டும் விற்பவருக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். ஆனால் காபியைக் கலந்து, டம்ளரில் ஊற்றிக் கொடுப்பதை ஜிஎஸ்டி சட்டம் உணவகச் சேவையாகக் கொள்கிறது என்பதால் உங்களுக்கு வரம்பு 20 லட்சம்தான். இந்த இடத்தில்தான் பல கடைக்காரர்கள் தவறிப் போகிறார்கள். 40 லட்சம் என்று செவிவழியாகக் கேட்டதை நம்பி நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள்.

20 லட்சத்தை 365 நாளுக்கு வகுத்தால் நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 5,480 ரூபாய் வருகிறது. உங்கள் விலையில் அது 274 டம்ளர். கோயில் தெருவில் காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்சத் தொடங்கும் கடைக்கு 274 டம்ளர் என்பது பெரிய எண்ணிக்கை அன்று. வடை, பிஸ்கட், தயிர் பாக்கெட் விற்றால் அவையும் மொத்த விற்பனையில் சேரும். ஆகவே இன்றிரவே ஒரு நோட்டை எடுத்து, ரொக்கம் ஒரு பத்தி, யுபிஐ ஒரு பத்தி என்று கோடு போட்டு, ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். பயத்துக்கு இடம் இருக்கிறதா இல்லையா என்பது அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

நாள் விற்பனை 7,500 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 360 நாள் கடை திறக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 27 லட்சம். பதிவு செய்துதான் ஆக வேண்டும். ஆனால் 1.5 கோடி ரூபாய் வரை விற்பனை உள்ள உணவகங்கள் இணக்க வரி (காம்பசிஷன்) முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் விற்பனையில் 5 சதவீதம் வரி. உங்களுக்கு ஆண்டுக்கு 1,35,000 ரூபாய் வரும். இந்த முறையில் வரியை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. டம்ளர் விலைக்குள்ளேயே அது அடங்க வேண்டும். ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ரூபாய் போகிறது என்று பொருள். காபித்தூள், பால் விலையோடு இதையும் சேர்த்து விலையை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி கட்டுவதும் ஆண்டுக்கு ஒரு கணக்கு தாக்கல் செய்வதுமே இதில் உள்ள வேலை என்பதால், மாதந்தோறும் கணக்கு தாக்கல் செய்யும் சுமை உங்களுக்கு இராது.

வருமான வரியில் கைப்பேசிப் பணம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. விற்பனையில் ஒரு பங்கையே லாபமாகக் கொள்ளும் அனுமான வருமான முறையில் கணக்குக் காட்டும் சிறு வணிகர், ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம் காட்டினால் போதும். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் கூடுதலானதையே காட்ட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றொன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கடைப் பணமும் வீட்டுப் பணமும் ஒரே சேமிப்புக் கணக்கில் விழும்படி வைத்திருந்தால் அதை உடனே மாற்றுங்கள். மகன் வெளியூரிலிருந்து அனுப்பும் பணம், தங்கை திருப்பித் தந்த கைமாற்று, சீட்டுப் பணம் ஆகிய எல்லாமே வரித்துறையின் பார்வைக்கு விற்பனையாகவே தோன்றும். எது விற்பனை, எது இல்லை என்று நான்கு ஆண்டு கழித்து உங்களால் நினைவுபடுத்திச் சொல்ல முடியாது. அரசு இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் உத்யம் என்ற சிறு தொழில் பதிவைச் செய்து, கடையின் பெயரில் ஒரு நடப்புக் கணக்கைத் தொடங்கி, கியூஆர் அட்டையை அதனோடு இணைத்துவிடுங்கள்.

கேள்வி: ஜிபே, போன்பே, பேடிஎம், பாரத்பே என்று நான்கு பேரின் முகவர்களும் கடைக்கு வந்துவிட்டார்கள். எதை வைப்பது? (மதுரை வாசகி)

பதில்: எந்த நிறுவனத்தின் அட்டையாக இருந்தாலும் எல்லா யுபிஐ செயலியிலிருந்தும் அதற்குப் பணம் அனுப்பலாம். 2016-ல் இந்திய தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் இந்த முறையைக் கொண்டுவந்தபோதே அப்படித்தான் அமைத்தது. எனவே நான்கு அட்டைகளைத் தொங்கவிடுவதால் வியாபாரம் கூடாது. நான்கு இடத்தில் கணக்குப் பார்க்கும் வேலைதான் கூடும். 2020 ஜனவரி 1 முதல் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்ற விதி இருப்பதால், கட்டணத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று எந்த முகவர் சொன்னாலும் அதில் பொருளில்லை.

முகவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பணம் உடனுக்குடன் என் வங்கிக் கணக்குக்கு வருமா, அல்லது உங்களிடம் தங்கி மறுநாள் வருமா? பணம் வந்ததும் தொகையைக் குரலில் சொல்லும் சவுண்ட் பாக்ஸ் பெட்டிக்கு மாத வாடகை எவ்வளவு, அதை எந்தக் கணக்கிலிருந்து பிடிப்பீர்கள்? பெட்டி பழுதானால் யார் வருவார்? இந்த மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வங்கிக் கிளையிலேயே கியூஆர் அட்டை தருவார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 2024-ல் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்கு ரிசர்வ் வங்கி தடை விதித்து, மார்ச் 15-க்குப் பிறகு அதில் புதிதாகப் பணம் சேர முடியாமல் போனபோது, வேறு வங்கியோடு அட்டையை இணைத்திருந்த கடைக்காரர்கள் வழக்கம்போலப் பணம் வாங்கினார்கள். அந்த வங்கிக் கணக்கிலேயே வரவை வாங்கிவந்தவர்கள்தான் கணக்கை மாற்ற அலைய நேர்ந்தது.

அட்டையோடு சேர்த்துக் கடனும் தருவதாகச் சொல்வார்கள். நாள்தோறும் வரும் பணத்திலிருந்து தவணையைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கடனில் மொத்தமாக எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய பணம் தவணைக்குப் போய்விட்டால் கடை நடக்காது.

கேள்வி: கூட்ட நேரத்தில், பணம் போய்விட்டது என்று கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். இரவு பார்த்தால் கணக்கு உதைக்கிறது. என்ன செய்வது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: வாடிக்கையாளரின் திரையில் தெரிவதைச் சான்றாகக் கொள்ளும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். பணம் செலுத்தியது போலவே பச்சைத் திரையைக் காட்டும் போலிச் செயலிகள் இருக்கின்றன. சில செயலிகள் மணியோசையையும் எழுப்புகின்றன. உங்கள் பெட்டி பேச வேண்டும், அல்லது உங்கள் கைப்பேசிக்குச் செய்தி வர வேண்டும்.

நான் நாள்தோறும் காபி குடிக்கும் கடையில் காபி ஆற்றுபவர் அடுப்பை விட்டுத் திரும்புவதே இல்லை. டிகாஷனை ஊற்றிக்கொண்டே பெட்டி சொல்லும் தொகையைக் கேட்கிறார். நாற்பது என்று சொன்னால் இரண்டு டம்ளர். இருபது என்று மட்டும் சொன்னால், இன்னொரு காபிக்கு யார் தர வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்கிறார். யாரும் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கல்லாவில் முதலாளி இல்லாத நேரத்திலும் அந்தக் கடையில் கணக்குத் தவறாமல் இருப்பதற்கு அவருடைய காதுதான் காரணம். உங்கள் பெட்டி தமிழில் பேசுகிறதா, அதன் ஒலி பாத்திரச் சத்தத்தையும் மீறி அடுப்படி வரை கேட்கிறதா என்று பாருங்கள்.

உங்கள் அட்டையின் மேல் வேறொருவரின் கியூஆர் தாளை இரவோடு இரவாக ஒட்டிவிடும் மோசடியும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் 2025 ஜனவரியில் இப்படிப் பல கடைகளின் பணம் போனது. காலையில் கடை திறந்ததும் உங்கள் கைப்பேசியால் அட்டையை ஸ்கேன் செய்து, உங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்டையைக் கண்ணாடிக்கு உட்புறமாக வைப்பது இன்னும் நல்லது.

ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி, நூறு பேருக்குக் காபியும் டிபனும் கேட்டு, முன்பணம் அனுப்புவதற்காக ஒரு கியூஆர் படத்தை அனுப்பி உங்களையே ஸ்கேன் செய்யச் சொல்பவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை; அதை அழுத்தினால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் வேறு கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் தடுக்க முடிவது பெரும்பாலும் முதல் சில மணி நேரத்துக்குள்தான்.

கேள்வி: சிறியதாக ஒரு காபி கஃபே தொடங்கியிருக்கிறேன். பெரிய நிறுவனங்களைப் போல எங்களுக்கென்று ஒரு செயலி செய்து, அதில் வாடிக்கையாளர்கள் முன்பணம் போட்டு வைக்கும்படி செய்யலாமா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: சொந்தக் கடையில் மட்டும் செலவழிக்கக்கூடிய முன்பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. ஆனாலும் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரே ஒரு கடைக்காக ஒரு செயலியை இறக்கி, பெயரும் எண்ணும் கொடுத்துப் பதிவு செய்ய மனிதர்களுக்குப் பொறுமை இல்லை. செயலியை எழுதும் செலவைவிட அதை ஆண்டுதோறும் பராமரிக்கும் செலவு உங்களைச் சோர்வடையச் செய்யும். ஒன்பது காபிக்குப் பத்தாவது இலவசம் என்று முத்திரை குத்தும் அட்டை ஒன்றை அச்சடித்துப் பாருங்கள். நம்முடைய பழைய காபி கிளப்புகளில் மாதக் கணக்கு நோட்டு இருந்ததே, அதுவும் இதே வேலையைத்தான் செய்தது. முன்பணம் வாங்குவதாக இருந்தால், அது இன்னும் கொடுக்காத காபிக்கு நீங்கள் பட்ட கடன் என்பதை நினைவில் வைத்து, அந்தத் தொகையைச் செலவழிக்காமல் தனியாக வைத்திருங்கள்.

கேள்வி: காலை நெரிசலில் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரொக்கமே வேண்டாம் என்று பலகை வைத்த நண்பர் ஒருவர் இப்போது வருந்துகிறார். (திருச்சி வாசகர்)

பதில்: அவர் வருந்துவதில் நியாயம் இருக்கிறது. 2025 மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் நாடு முழுவதும் யுபிஐ தடைப்பட்டது. அன்று சில்லறை வைத்திருந்த கடைகளில்தான் காபி விற்றது. கைப்பேசி இல்லாத முதியவர்களும் உங்கள் வாடிக்கையாளர்களே. தினமும் வருபவர்களிடம் யுபிஐ லைட் என்ற வசதியைப் பற்றிச் சொல்லுங்கள். கைப்பேசியில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை ரகசிய எண் இல்லாமலேயே செலுத்தலாம். ஒவ்வொரு டம்ளருக்கும் அவர்களுடைய வங்கியின் கணினி பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால் நெரிசலில் தடங்கல் குறைகிறது.

கேள்வி: பேருந்து நிலையத்தின் அருகே கடை. முகம் தெரியாத ஒருவர் 60 ரூபாய் அனுப்பினார். அது மோசடிப் பணம் என்று வேறு மாநிலக் காவல்துறை சொன்னதால் என் வங்கிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். பால் பாக்கி, சம்பளம் எல்லாம் நிற்கிறது. (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. காபி கொடுத்ததற்கு வாங்கிய 60 ரூபாய்க்காக ஒரு குடும்பத்தின் கணக்கு முழுவதையும் நிறுத்துவது நியாயமில்லை. இந்த நிலையில் நீங்கள் தனியாகவும் இல்லை. 2024-ல் இதுபோன்ற ஒரு வழக்கில், சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறி, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க அனுமதித்தது. கேரள உயர் நீதிமன்றமும் 2023-ல் இதே வழியில் தீர்ப்பளித்திருக்கிறது.

முதலில் வங்கிக் கிளைக்குச் சென்று, எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை என்ற மூன்று விவரங்களையும் எழுத்தில் கேளுங்கள். பிறகு கடையின் உத்யம் சான்றிதழ், அன்றைய விற்பனைக் குறிப்பு, அந்த 60 ரூபாய் வந்த பரிவர்த்தனை எண் ஆகியவற்றை இணைத்து, அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மற்றதை விடுவிக்குமாறு வங்கி மேலாளருக்கும் சம்பந்தப்பட்ட காவல் அதிகாரிக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். 30 நாளுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். அதற்கு நாள் கணக்கு முக்கியம் என்பதால், கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையையும் தேதியையும் வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.