கேள்வி பதில்: முதல் ஆண்டு வில்லிஸ் ஜீப்பை அடையாளம் காண்பது

கேள்வி: எங்கள் பக்கத்தில் ஒரு போர்க்கால வில்லிஸ் எம்.பி. ஜீப் விலைக்கு வந்திருக்கிறது. முன்னால் ஒன்பது துளை கிரில் இல்லை. பட்டையான இரும்புக் கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்தி வெல்டிங் செய்த கிரில் இருக்கிறது. "இது 1941 மாடல், முதல் பேட்ச்" என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். நம்பலாமா?
(பொள்ளாச்சி வாசகர்)

பதில்: கம்பி கிரில்லை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். இந்த ஜீப்பில் கிரில் என்பது போல்ட் போட்டு மாட்டும் பாகம். ஒரு மதியத்தில் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். புதிதாகச் செய்த கம்பி கிரில்கள் வெளிநாட்டில் விற்பனைக்கே இருக்கின்றன. எதைக் கழற்ற முடியாதோ அதுதான் சாட்சி. அதனால் சேசிஸிலிருந்து தொடங்குங்கள்.

வில்லிஸ் எம்.பி. உற்பத்தி அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டொலிடோவில் 1941 நவம்பரில் தொடங்கியது. கம்பி கிரில் 1942 மார்ச் வரைதான் வந்தது. ஏறத்தாழ முதல் 25,000 வண்டிகள். அதன்பிறகு ஃபோர்டு கம்பெனி வடிவமைத்த, ஒரே தகட்டில் அழுத்திச் செய்த ஒன்பது துளை கிரில்லை வில்லிஸும் எடுத்துக்கொண்டது. அந்தத் தகடு எடை குறைவு, செலவும் குறைவு. எம்.பி. வரிசை எண்கள் ஒரு லட்சத்தில் தொடங்குவதால், கம்பி கிரில் வண்டியின் எண் ஒரு லட்சத்துக்கும் சுமார் 1,25,800-க்கும் இடையில் இருக்க வேண்டும். எண் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தால் கிரில் பின்னால் வந்தது. அதற்குமேல் பேச்சே வேண்டாம்.

அந்த எண் ஒரு சின்னத் தகட்டில், சேசிஸின் இடது நீளச் சட்டத்தின் உள்பக்கம், முன் பம்பருக்குச் சற்றுப் பின்னால் ரிவெட் அடித்திருக்கும். தகட்டை மட்டும் பார்க்காமல் ரிவெட்டையும் பாருங்கள். தலை நடுவில் துளை தெரிந்தால் அது பாப் ரிவெட். யாரோ பிற்காலத்தில் அடித்தது. தகடும் புதிதாகக் கிடைக்கிற பொருள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்து, டார்ச் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு அடியில் குனிந்து பாருங்கள். சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்துவைத்த 'ப' வடிவத் தகடாக இருந்தால் ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ., அதாவது இதே ஜீப்பை ஃபோர்டு தன் ஆலையில் செய்தது. ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. கம்பி கிரில்லோடு ஆலையிலிருந்து வந்ததே கிடையாது. ஆகவே 'ப' வடிவச் சட்டமும் கம்பி கிரில்லும் ஒரே வண்டியில் இருந்தால் அது ஒட்டுப்போட்ட வண்டி. இந்த ஒரு சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. ஆனால் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

இவை இரண்டும் சரியாக இருந்தால் பாடிக்கு வாருங்கள். ஆரம்ப வண்டிகளின் டேஷ்போர்டில் குளோவ் பாக்ஸ் கிடையாது. கிரில் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அது வந்தது. டேஷ்போர்டு மூடியிருந்தால் கையைப் பின்னால் விட்டுத் தடவிப் பாருங்கள். செவ்வக வடிவில் வெல்டிங் மேடு தட்டுப்பட்டால் குளோவ் பாக்ஸ் துளையை அடைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பட்டி பார்த்து மழுப்பிவிடலாம். பின்பக்கத்தை யாரும் தேய்ப்பதில்லை. பின்புறத் தகட்டில் இடதுபக்கம் கம்பெனிப் பெயர் அழுத்தப்பட்டிருக்க வேண்டும். 1942-இன் நடுவில் ராணுவம் அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பெட்ரோல் டேங்கின் வாய் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் சிறியதாக இருக்கும். அகலமான வாய் பிந்தைய மாற்றம். பின்னால் ஜெர்ரி கேன் மாட்டும் தாங்கி ஆரம்பத்தில் இல்லை. ஆனால் ராணுவப் பட்டறைகளே அதைப் பழைய வண்டிகளில் பொருத்தியிருக்கின்றன. ஆகவே தாங்கி இருப்பதால் மட்டும் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. கம்பி கிரில் என்றாலே 1941 ஆகாது. அந்த வருடத்தில் உற்பத்தி நடந்தது நவம்பர், டிசம்பர் மட்டும்தான். கம்பி கிரில் வண்டிகளில் பெரும்பகுதி 1942-ஐச் சேர்ந்தவை. 1941 என்று விலை கேட்டால் அதற்கேற்ற குறைந்த எண்ணையும், டேஷ்போர்டுத் தகட்டில் ஒப்படைப்புத் தேதியையும் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என் ஜீப்பில் பல போல்ட் தலைகளில் ஆங்கில 'எஃப்' எழுத்து இருக்கிறது. சேசிஸ் குழாய்ச் சட்டம் வில்லிஸ் மாதிரிதான் தெரிகிறது. எது உண்மை?
(நுவரெலியா வாசகர்)

பதில்: சேசிஸ் சொல்வதே உண்மை. ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட் தலைவரைக்கும், சாய்ந்த கையெழுத்து 'எஃப்' குத்தியது. குறையுள்ள பாகம் வந்தால் எந்த ஆலையுடையது என்று பிரித்தறிய அது உதவியது. ஆனால் இரண்டு கம்பெனி பாகங்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதே ராணுவத்தின் நிபந்தனை. களப் பட்டறையில் வண்டிகளைப் பிரித்துத் திரும்பப் பூட்டும்போது கைக்கு வந்த போல்ட்டைத்தான் போட்டார்கள். 1944-இல் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்த பிறகு உங்கள் பகுதியில் ஓடிய ஜீப்கள் பலவும் இப்படிப் பட்டறை கண்டவைதான்.

அதனால் 'எஃப்' போல்ட்களை எண்ணுவதைவிட அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். சக்கரம், ஃபெண்டர், சீட் போல்ட்கள் எதையும் நிரூபிக்காது. பாகங்களின் எண்களும் உதவும்: வில்லிஸ் எண்கள் பெரும்பாலும் 'ஏ' எழுத்தில் தொடங்கும், ஃபோர்டு எண்கள் 'ஜி.பி.டபிள்யூ.' என்று தொடங்கும். பாடியை வைத்து முடிவெடுக்கும்போது கவனம் தேவை. 1944 முதல் இரண்டு கம்பெனிக்கும் ஒரே பாடிதான், கானர்ஸ்வில் நகரத்து ஆலையிலிருந்து போனது. முதல் ஆண்டு சேசிஸின்மேல் அந்தப் பாடி உட்கார்ந்திருந்தால் அது மாற்றிய பாடி.

கேள்வி: பின் ஆக்ஸில் சிவிலியன் சி.ஜே. ஜீப்பிலிருந்து எடுத்துப் போட்டதாக மெக்கானிக் சொல்கிறார். பிரிக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?
(கோத்தகிரி வாசகர்)

பதில்: உண்டு. முதலில் பின் ஹப்பைப் பாருங்கள். எம்.பி.யில் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் தட்டு ஹப் முகத்தில் ஆறு போல்ட்களால் வட்டமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். பாரத்தை ஹவுசிங்கே தாங்குவதால் வண்டியைத் தூக்காமலே ஷாஃப்ட்டை உருவிவிடலாம். ஹப் நடுவில் ஒரே பெரிய நட்டும் பிளவு ஊசியும் இருந்தால் அது பிந்தைய சி.ஜே. ஆக்ஸில், கேள்வியே இல்லை. ஆறு போல்ட் இருப்பதால் மட்டும் எம்.பி. என்று முடிவாகாது. 1945-இல் வந்த முதல் சி.ஜே.-2ஏ வண்டிகளிலும் இதே மாதிரி ஆக்ஸில்தான். வித்தியாசம் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற இரு பல்சக்கரங்களின் பற்களில் இருக்கிறது: எம்.பி.யில் 39-க்கு 8, அதாவது 4.88; சி.ஜே.யில் 43-க்கு 8, அதாவது 5.38.

அதை எண்ணுவது இப்படி. சமதரையில் நிறுத்தி முன் சக்கரங்களுக்கும், தரையில் இருக்கப்போகும் பின் சக்கரத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். கியர் நியூட்ரல், முன் ஆக்ஸில் லீவர் விடுபட்ட நிலை. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும்: இந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிக்காது, ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத்தான் பிடிக்கும். விடாமல் சக்கரத்தைச் சுற்றினால் அசையாது. "டிஃபரன்ஷியல் ஜாம்" என்று தவறாக நினைப்பது இங்கேதான். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸிலுக்கடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டிலும் டயரிலும் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டு சக்கரத்தைச் சரியாக 20 சுற்று சுற்றுங்கள். ஒருவர் சுற்ற, இன்னொருவர் எண்ணினால் பிழை வராது. மறு சக்கரம் நிற்பதால் கிரவுன் 10 சுற்றுதான் சுற்றும். ஷாஃப்ட் 48¾ சுற்று வந்தால் எம்.பி., 53¾ வந்தால் சி.ஜே.

முன் ஆக்ஸிலையும் இதே மாதிரி எண்ணுங்கள். முன்னால் 4.88, பின்னால் 5.38 என்று இருந்தால், நாலு சக்கரத்திலும் இழுவை கொடுத்த உடனே இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். மண் பாதையில் டயர் சறுக்கிச் சமாளித்துவிடும். கெட்டித் தரையில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பற்களும் ஜாயின்டுகளும் அடிபடும். அப்படி இருந்தால் சரிசெய்யும் வரைக்கும் முன் ஆக்ஸில் லீவரைத் தொடவே கூடாது.

கேள்வி: ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண் ஒன்று, என்ஜின் எண் வேறு. என்ஜினை மாற்றிவிட்டார்களா?
(சேலம் வாசகர்)

பதில்: வில்லிஸ் எம்.பி. என்றால் பயம் வேண்டாம். ஆலையிலேயே இரண்டும் வேறு வேறு எண்கள்தான். என்ஜின் எண் பிளாக்கின் வலதுபக்கம், முன் மேல் மூலையில், 'எம்.பி.' எழுத்துகளோடு குத்தியிருக்கும். ஃபோர்டில்தான் இரண்டும் ஒரே எண். அங்கே சேசிஸ் எண் தகட்டில் இல்லாமல், இடது சட்டத்தின் மேல்முகத்தில் நேரடியாகக் குத்தப்பட்டிருக்கும். ஃபோர்டில் எண்கள் ஒத்துப்போகாவிட்டால் என்ஜின் மாறியிருக்கிறது.

மண்ணும் பெயின்ட்டும் மூடிய எண்ணைப் படிக்க கிரைண்டர் வைக்காதீர்கள். பெயின்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டு, பித்தளை பிரஷால் தேய்த்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழல் விழுந்து தெரியும். தெளிவில்லை என்று புதிதாக எண் குத்தவே குத்தாதீர்கள். அது சட்டப்படி குற்றம், வண்டியின் மதிப்பும் போய்விடும்.

என்ஜின் முன்மூடியைக் கழற்றும் வேலை வந்தால் உள்ளேயும் பாருங்கள். போர்க்கால என்ஜினில் கேம் ஷாஃப்ட்டைச் சங்கிலி ஓட்டும், பிந்தைய சி.ஜே. என்ஜினில் பல்சக்கரம். பல்சக்கரத்தில் கேம் எதிர்த்திசையில் சுற்றுவதால் ஆயில் பம்பும் வேறு. பம்ப் வாங்கும்போது இதைக் கேட்காமல் வாங்கினால் பணம் வீண்.

கேள்வி: சக்கரம் முதல் ஆண்டுக்குரியதா என்று எப்படித் தெரியும்? இடதுபக்க நட்டுகளைக் கழற்றும்போது இரண்டு ஸ்டட் முறிந்துவிட்டது.
(தேனி வாசகர்)

பதில்: இடதுபக்கம் இடது மரை. கழற்ற வலப்பக்கமாக, கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். நீங்கள் இறுக்கி முறித்திருக்கிறீர்கள். புது ஸ்டட் போடும்போது அந்தப் பக்கம் ஐந்தையும் ஒரே மரையில் வையுங்கள்.

ஆரம்ப வண்டிகளில் ஒரே துண்டாலான 4 அங்குல அகல டிஸ்க் சக்கரம், 6.00-16 டயர். 1942-இல் 4½ அங்குல இரண்டு துண்டு காம்பாட் ரிம் வந்தது. அதில் ஹப்பைப் பிடிக்கும் ஐந்து நட்டுக்கு வெளியே, இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் எட்டு நட்டு இருக்கும். டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டைத் தொட்டால் வெளிப்பாதி பீறிட்டு முகத்தில் அடிக்கும், உயிருக்கே ஆபத்து. பஞ்சர் கடையில் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். வால்வு பின்னைக் கழற்றி, காற்று முழுக்க இறங்கியபிறகுதான் ஸ்பேனர்.

கேள்வி: பானெட்டில் பழைய ராணுவ எண் இருக்குமா? பெயின்ட்டைச் சுரண்டலாமா?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பானெட் மாறாமல் இருந்தால் வாய்ப்பு உண்டு. ரிமூவர் மட்டும் வேண்டாம். அது எல்லா அடுக்கையும் சேர்த்து உரித்துவிடும். பானெட்டின் பக்கவாட்டில், காசு அகலத்துக்கு 320 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மேல் அடுக்குகளைத் திறங்கள். வட்ட வட்டமாக நிறங்கள் வரும். ஒளியில்லாத ஆலிவ் பச்சை தெரிந்ததும் 600-க்கும், பிறகு 1000-க்கும் மாறி, அழுத்தாமல் பக்கவாட்டில் விரித்துக்கொண்டே போங்கள். ஆரம்ப அமெரிக்க எண்கள் வெள்ளையில் இல்லை, மங்கிய நீலத்தில். பச்சைமேல் அது பார்வைக்குச் சட்டென்று பிடிபடாது. ஈரமாக இருக்கும்போது நிழலில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஜீப் சேர்ந்த கால் டன் வகைக்கு எண் 20 என்று தொடங்கும். முதல் இலக்கம் தெரிந்த உடனே நிறுத்திப் படம் எடுத்துவிட்டு, அப்புறம் அடுத்த இலக்கத்துக்குப் போங்கள்.

கேள்வி: வலதுபக்க ஸ்டியரிங் உள்ள எம்.பி. உண்டா?
(காரைக்குடி வாசகர்)

பதில்: ஆலையிலிருந்து வந்தவை அனைத்தும் இடதுபக்க ஸ்டியரிங்தான். வலதுபக்கம் இருந்தால் பிறகு மாற்றியது, அல்லது அது எம்.பி.யே இல்லை. முன்னால் ஏழு துளை கிரில்லும், வெளியே துருத்திய ஹெட்லைட்டும், பாடிக்கு வெளியே பெட்ரோல் மூடியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சி.ஜே. குடும்பத்து வண்டி.