பார்க்ல மேடை வேணாம் தம்பி, கோலமாவு வாங்குங்க

கடிதம்:

அக்காவுக்கு வணக்கம். எர்ணாவூர்ல இருக்கேன், ஒரு கன்டெய்னர் யார்டுல பில்லிங் வேலை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்குள்ள போற பைப்ல இருந்து அம்மோனியா லீக் ஆச்சு இல்லையா, அன்னைக்கு பெரியகுப்பத்துல சித்தி வீட்டுல இருந்தேன். தூக்கத்துல இருந்து எழுந்தா கண்ணு எரியுது, மூச்சு அடைக்குது, தெருவே ஓடுது, எந்தப் பக்கம் ஓடணும்னு ஒருத்தருக்கும் தெரியல. நாங்க ஓடின பக்கம்தான் நெடி இன்னும் அதிகமா இருந்துச்சு. இப்ப ஆறு பசங்க சேர்ந்து எங்க ஏரியா பார்க்ல விழிப்புணர்வு நிகழ்ச்சி ஒண்ணு வைக்கலாம்னு இருக்கோம், வர்ற டிசம்பர் 26 காலையில. சின்ன மேடை, மைக் செட், பேனர், சிறப்பு விருந்தினரா ஒரு டாக்டர், ஒரு புரொபசர். 20,000 ரூபா ஆகும்போல, வசூல் பண்ணிட்டிருக்கோம். பர்மிஷன் எப்படி வாங்குறது, கூட்டத்தை எப்படி வரவைக்கிறது, சொல்லுங்கக்கா.

பதில்:

தம்பி, உங்க கடிதத்துல "நாங்க ஓடின பக்கம்தான் நெடி அதிகமா இருந்துச்சு"ன்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். உங்க நிகழ்ச்சி மொத்தமும் அந்த ஒரு வரிதான். அது ஏன் அப்படி ஆச்சு, அடுத்த தடவை எந்தப் பக்கம் போகணும், இது ரெண்டும் பார்க்குக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் புரிஞ்சா போதும். அதுக்கு மேடையும் வேணாம், சிறப்பு விருந்தினரும் வேணாம்.

சும்மா சொல்லல, பட்டு சொல்றேன். சில வருஷம் முன்னாடி தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பார்க்ல புகையைப் பத்தி நாங்களும் இதே மாதிரி மேடை போட்டோம். சேரெல்லாம் வாக்கிங் போற பாதையில போட்டதுல நடக்கிறவங்களுக்கு கோவம், ஊஞ்சல்ல ஆடின பசங்களை சத்தம் போடாதீங்கன்னு அதட்டினோம், ரெண்டு மணி நேரம் பேசினோம், கேட்டவங்க பாதிப் பேர் எங்க ஆளுங்களே. எல்லாம் முடிஞ்சு சேர் அடுக்கும்போது மீன் கூடையோட ஒரு ஆயா வந்து, "எல்லாம் சொன்ன கண்ணு, அந்தக் காத்து வந்தா புள்ளைய எந்தப் பக்கம் தூக்கினு ஓடுறது?"ன்னு கேட்டாங்க. எங்க ஒருத்தர்கிட்டயும் பதில் இல்ல. காத்துல என்னென்ன தூசு எவ்ளோ இருக்குன்னு நம்பர் நம்பரா சொன்ன நாங்க, அந்த அம்மாவுக்கு வேண்டியதை மட்டும் சொல்லாம விட்டிருந்தோம். இன்னைக்கும் மனசுல குத்துது.

முதல்ல தேதி. டிசம்பர் 26 வேணாம். அது 2004 சுனாமி வந்த நாள், குப்பத்து ஜனங்க அன்னைக்குக் காலையில கடல்ல பால் ஊத்தப் போவாங்க, பூ போடுவாங்க, உங்க எர்ணாவூர்லயே சுனாமி குடியிருப்புல எத்தனை குடும்பம் இருக்கு, அந்தத் துக்கத்துக்கு நடுவுல நாம மைக் பிடிக்கக் கூடாது. மழையும் அந்த நேரத்துல விட்டிருக்காது, பார்க் பூரா சேறா இருக்கும். பொங்கல் கழிச்சு ஒரு சனிக்கிழமை சாயந்திரம் வைங்க. காலை ஷிஃப்ட் போனவங்க திரும்பி வந்திருப்பாங்க, மீன் வித்துட்டு வந்த பொம்பளைங்க கொஞ்சம் உக்காருற நேரம், பசங்களும் பார்க்லதான் இருப்பாங்க. கூட்டத்தை எப்படி வரவைக்கிறதுன்னு கேட்டீங்களே, வரவைக்க வேணாம் தம்பி, கூட்டம் இருக்கிற நேரத்துக்கு நாம போகணும், அவ்ளோதான்.

இப்ப கோலமாவு விஷயத்துக்கு வரேன். பார்க்ல சிமெண்ட் தரை இருக்கிற இடமா பாத்து, ஏரியா பொம்பளைங்களை விட்டு ஊரோட மேப்பை கோலமா போட வைங்க. கடல் ஒரு பக்கம் நீலக் கலர், எக்ஸ்பிரஸ்வே ஒரு கோடு, ரயில்வே லைன் ஒரு கோடு, கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம், பைப் போற வழி, புகைபோக்கி நிக்கிற இடம், அப்புறம் நம்ம தெரு, கோயில், ஸ்கூல், தண்ணி லாரி நிக்கிற முனை. நீங்க போட்டு வெச்சு காட்டாதீங்க, அவங்க போடட்டும், "ஐயோ அந்த சந்து அங்க இல்லடி, இங்க"ன்னு சண்டை போட்டுக்கிட்டே போடட்டும், அந்தச் சண்டையிலதான் எந்தச் சந்து முட்டுச் சந்து, எந்த கேட்டை ராத்திரி பூட்டிடுவாங்க, எந்த வீட்டுல நடக்க முடியாத பெரியவங்க படுத்திருக்காங்கன்னு எல்லாம் வெளிய வரும். இந்தத் தகவல் எந்த புரொபசர்கிட்டயும் இருக்காது.

மேப் முடிஞ்சதும், புரொபசரைக் கூப்பிடுறதுக்குப் பதிலா குப்பத்துல கடலுக்குப் போய் வயசான ஒரு அண்ணனையோ தாத்தாவையோ கூட்டிட்டு வந்து நடுவுல நிக்க வைங்க. காத்தைப் பத்திப் பேச அவங்களை விட ஆள் யாரு. வடக்க இருந்து வந்தா வாடை, கிழக்க இருந்து வந்தா கொண்டல், தெக்க இருந்து தென்றல், மேக்க இருந்து கோடைன்னு காத்துக்கே பேர் வெச்ச ஜனம் நாம. எந்த மாசத்துல எந்தக் காத்து, பகல்ல எப்படி அடிக்கும், ராத்திரி எப்படித் திரும்பும்னு அவர் சொல்லட்டும். ஒரு குச்சியில ரிப்பன் கட்டி பசங்க கையில குடுங்க, மேப் மேல நின்னு இப்ப காத்து எங்க இருந்து வருது, அப்ப லீக் ஆனா நெடி எந்தத் தெருவுக்கு வரும்னு அதுங்களே கண்டுபிடிக்கட்டும்.

அங்கதான் உங்க கேள்விக்கும் பதில். காத்து போற பக்கமே ஓடினா வாயுவும் கூடவே வரும், நீங்க எவ்ளோ வேகமா ஓடினாலும் பின்னாடியே வரும். காத்துக்குக் குறுக்கால நடக்கணும், நெடி குறையுற வரைக்கும் பக்கவாட்டுல போய், அப்புறம் காத்து வர்ற திசைக்கு ஏறணும். அன்னைக்கு உங்க தெரு நெடிக்கு முதுகு காட்டி ஓடியிருக்கும், யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க, சொல்லிக் குடுக்காததுக்கு ஜனங்க என்ன பண்ணுவாங்க.

ரெண்டாவது ஈரத்துணி. அம்மோனியா தண்ணில சட்டுன்னு கரையுற வாயு, அதனால நனைச்ச துணியை மூக்கு வாய்ல பொத்தினா உள்ள போறது கொஞ்சம் குறையும். முழுசா காப்பாத்தாது, வெளிய வர்ற வரைக்கும் உதவும். அம்மோனியா காத்தை விட லேசு, மேல போயிடும்னு யாராவது சொன்னா முழுசா நம்பாதீங்க, அழுத்தத்துல இருந்து லீக் ஆகும்போது ஜில்லுனு பனிமூட்டம் மாதிரி தரையை ஒட்டியே பரவும். குளோரின்னா இன்னும் மோசம், அது காத்தை விட கனம், பள்ளத்துல தேங்கும், மாடிக்கு ஏறணும். கண்ணு எரிஞ்சா கசக்கக் கூடாது, நல்ல தண்ணில 15 நிமிஷமாவது கழுவணும். வெளிய தூக்கிட்டுப் போக முடியாத பெரியவங்க இருந்தா கதவு ஜன்னல் சாத்தி, இடுக்குல ஈரத்துணி திணிச்சு, எக்ஸாஸ்ட் ஃபேன், ஏசி எல்லாம் ஆஃப் பண்ணிட்டு உள்ளயே இருக்கணும். இதை வாயால சொல்லாதீங்க, நாலு பக்கெட் தண்ணி வெச்சு ஆளுக்கு ஒரு கர்ச்சீஃப் நனைச்சு கட்டிப் பாக்கச் சொல்லுங்க. கை ஒரு தடவை செஞ்சதை ராத்திரி தூக்கக் கலக்கத்துலயும் செய்யும். டாக்டர் வேணும்னா பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்காவைக் கூப்பிடுங்க, அவங்க தரையில உக்காந்து பேசுவாங்க.

இன்னொரு விஷயம், இதை அன்னைக்கு எல்லார்கிட்டயும் கட்டாயம் சொல்லுங்க. இந்த விழிப்புணர்வு நீங்க ஆறு பேர் வசூல் பண்ணி நடத்த வேண்டியதே இல்ல. போபால்ல 1984ல விஷவாயு லீக் ஆனதுக்கு அப்புறம் 1989ல மத்திய அரசு அபாயகரமான ரசாயனங்களுக்குன்னு விதிகள் கொண்டு வந்துச்சு. அதுப்படி பெரிய விபத்து நடக்கக் கூடிய ஃபேக்டரி எதுவா இருந்தாலும், சுத்தி இருக்கிற ஜனங்களுக்கு என்ன ஆபத்து, ஆச்சுன்னா என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாதுன்னு அவங்களே தெரிவிக்கணும். ஃபேக்டரிக்கு வெளிய இருக்கிற ஏரியாவுக்கும் அவசரத் திட்டம் இருக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை ஒத்திகை பாக்கணும். உங்க தெருவுல கடைசியா எப்ப ஒத்திகை நடந்துச்சுன்னு கூடியிருக்கிறவங்களை கை தூக்கச் சொல்லிக் கேளுங்க. எத்தனை கை ஏறுதுன்னு எழுதி வைங்க.

பர்மிஷன் பெரிய விஷயம் இல்ல, அலைச்சல்தான். பார்க் கார்ப்பரேஷனோடது, உங்க ஜோனல் ஆபீஸ்ல தேதி, நேரம், எத்தனை பேர்னு ஒரு லெட்டர் குடுத்து நகல்ல சீல் வாங்கிக்கோங்க, இன்னொரு நகல் போலீஸ் ஸ்டேஷனுக்கு, ஒண்ணு வார்டு கவுன்சிலருக்கு. ஒரு மாசம் முன்னாடியே குடுங்க, எனக்கு ஒரு தடவை முந்தின நாள் சாயந்திரம் வரைக்கும் இழுத்தடிச்சாங்க. ஸ்பீக்கர் வெச்சா அதுக்குத் தனியா எழுத்துல அனுமதி வேணும், மேப்பைச் சுத்தி நிக்கிற கூட்டத்துக்கு ஸ்பீக்கர் எதுக்கு, விட்டுடுங்க. பேனரும் அப்படித்தான். பார்க் வாட்ச்மேனை மட்டும் முன்கூட்டியே பாத்துப் பேசிடுங்க, தண்ணி பைப் சாவி அவர்கிட்டதான் இருக்கும்.

"பார்க்ல எதுக்குக் கூட்டம்"னு யாராவது மூஞ்சி சுளிச்சா தயங்காதீங்க. ராயபுரம் ராபின்சன் பூங்காவுல 1949 செப்டம்பர்ல கொட்டுற மழையில ஜனங்க நின்னு கேட்டாங்க, தி.மு.க.ங்கிற ஒரு கட்சியே அங்க பொறந்துச்சு. பெரம்பூர்ல மில் தொழிலாளிங்க வேலை முடிஞ்சு கூடிக் கூடிப் பேசித்தான் 1918ல மெட்ராஸ் லேபர் யூனியன் வந்துச்சு. பொது இடத்துல கூடிப் பேசுறது வடசென்னைக்குப் பழைய பழக்கம்.

வசூல் பண்ண காசுல கோலமாவு, கலர்ப்பொடி, ரிப்பன், சுண்டல், கர்ச்சீஃப் வாங்குங்க, மிச்சம் இருந்தா திருப்பிக் குடுத்துடுங்க, கணக்கை பார்க் கேட்டுலயே ஒட்டிடுங்க. மேப்பை அழிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்து மாடியில ஏறி ஒரு போட்டோ எடுங்க, அதையும் அந்தக் கை தூக்கின கணக்கையும் சேத்து கலெக்டர் ஆபீஸுக்கு ஒரு மனு போடணும், ஒத்திகை எங்க ஏரியாவுக்கு எப்பன்னு கேட்டு. மனு எழுத நான் கூட உக்காருறேன். தேதி முடிவானா சொல்லுங்க, நீலக் கலர்ப்பொடி நான் கொண்டு வரேன், கடல் பெருசு, நிறைய வேணும்.